சர்க்கரை குறைந்தது, சதையும் குறைந்தது

போன வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் 11 நாள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் படுக்கை. வயது 71. சர்க்கரை வந்து 22 வருஷமாகிறது.

அந்த ஒரு மாதமும் எனக்கு ராஜ மரியாதைதான். காபி, பேப்பர், தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே வரும். நான் எழுந்தால், "எதுக்கு எழுந்திருக்கீங்க? கூப்பிட்டா வர மாட்டேனா?" என்று மனைவி சத்தம் போடுவாள். கஞ்சி, ரஸ்க், ரசம் சாதம் என்று சாப்பாடு. சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயத்தில் அதிலும் பாதிதான் சாப்பிட்டேன். எடை 6 கிலோ குறைந்தது. பார்க்க வந்தவர்கள், "இளைச்சது சுகருக்கு நல்லதுதான்" என்றார்கள். ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் இரவு கழிப்பறையில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. மனைவிக்கு 67 வயது, ஓயாத முதுகுவலி வேறு. அவள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை.

பிசியோதெரபிக்கு வந்த பெண் சுகர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. "கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க சார்" என்றார். நான் இரண்டோடு நின்றுவிட்டேன். ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலே உடல் செயல்திறன் குறைவு என்று கணக்கு. வயதில் தசை கரைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர்.

சர்க்கரைக்காரர்களுக்கு இதில் இரட்டை நஷ்டம். இன்சுலின் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை போக இடமில்லை. தசை கரையாமல் காப்பதும் இன்சுலின்தான். அது சரியாக வேலை செய்யாவிட்டால் தசை தேய்கிறது. இதோடு படுக்கையும் பட்டினியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நான் பெருமைப்பட்ட அந்த 6 கிலோவில் எவ்வளவு தசையோ!

என் ஃபைலில் 22 வருஷத்து ரிப்போர்ட் இருக்கிறது. கால் வலுவைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; நானும் கேட்டதில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோல, எழுந்து உட்கார எத்தனை விநாடி என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு, தினமும் எத்தனை தடவை எழுந்து நடக்க வேண்டும் என்றும் எழுதித்தர வேண்டும். வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: டம்ளரை எடுத்துத் தருவது அன்புதான். டாக்டர் நடக்கலாம் என்று சொன்னபின், அவரே போய் எடுக்கட்டும் என்று பக்கத்தில் நிற்பது அதைவிடப் பெரிய அன்பு.

"இந்த வயசுல சதை எங்கே வளரப்போகுது?" என்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கும் மேலானது. 1990-ல் வெளிவந்த ஆய்வு இது.

என் சிறுநீரகம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, டாக்டர் புரதத்தைக் கூட்டச் சொன்னார். முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டுமாம். இப்போது காலையில் இரண்டு முட்டை, மாலையில் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு. தினமும் நாற்காலிப் பயிற்சி. ஐந்து தடவை எழ இப்போது 14 விநாடி ஆகிறது. கழிப்பறைக்குத் தனியாகப் போய் வருகிறேன்.

நீங்களும் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். முடியவில்லையென்றால் வெட்கப்படாமல் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.