எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு

செம்பாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்து பட்டணமாகிவிட்டது. ஆனால் என்ன? கொல்லையிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ ஓர் எலுமிச்சைச் செடி வைக்கும் ஆசை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தச் செடி துளிர்த்ததும் கொழுந்து இலையைச் சற்று வளைத்துப் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடு ஒன்று நெளிந்து ஓடும், இலையும் சுருண்டிருக்கும். “யார் கண் பட்டதோ!” என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. இலை துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் வேலை அது. 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர், கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைக் கொண்டு இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார்.

பூச்சி அரிசிமணியை விடச் சிறியது. வெள்ளிச் சிறகு; அதன் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. இருட்டில் வந்து கொழுந்தில் முட்டையிடும். புழு இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, சாற்றைக் குடித்தபடியே சுரங்கம் தோண்டிச் செல்லும். நடுவில் தெரியும் கறுப்புக் கோடு அதன் எச்சம். கடைசியில் இலை ஓரத்தை மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகும். வெயில் நாட்களில் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நாரத்தை, சாத்துக்குடி, பம்பளிமாஸ் எல்லாம் இதற்கு விருந்துதான். எலுமிச்சையின் தாயாதிகளான வில்வத்தையும் கறிவேப்பிலையையும்கூடச் சில சமயம் விடுவதில்லை.

உடனே கத்தரிக்கோலைத் தேடாதீர்கள்! வெட்ட வெட்டப் புதுத் துளிர் வரும். புழுவுக்குப் பந்தி நீளும். கோடு விழுந்த இலையிலும் பச்சையாக உள்ள பகுதி செடிக்கு ஆகாரம் தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். முற்றிய இலையைப் புழுவால் துளைக்க முடியாது. வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும்.

விஷ மருந்தும் வேண்டாம். புழுவைத் தின்று பிழைக்கும் குட்டிக் குளவிகள் அதில் மடிந்துபோகும். அவற்றின் அருமை அமெரிக்காவுக்குத் தெரியும். 1993-இல் இந்தப் பூச்சி ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களில் புகுந்ததும், மறு வருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்து குளவியைத் தருவித்து விட்டார்கள். நமக்கோ அவை அழைக்காமலே வருகின்றன!

இளங்கன்றுக்கு மட்டும் சிறிது கவனிப்பு தேவை. சுரங்கக் காயத்தின் வழியே சொறி நோய் நுழையக்கூடும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, துளிர் விடும் சமயத்தில் மாலையில் தெளியுங்கள். அது போதும், மற்றதைக் குளவிகள் பார்த்துக்கொள்ளும்.