யாருடைய அறியாமை?

பால்குடி மாறாத குழந்தையைப்பற்றி இரண்டு தாய்மார் பேசிக்கொண்டால், அதற்கு நமது படித்த வட்டாரம் வைத்திருக்கும் பெயர் 'ஊர்க்கதை'. அதே குழந்தையைப்பற்றி ஓர் உத்தியோகத்தர் ஒலிபெருக்கியில் பேசினால், அதற்குப் பெயர் 'விழிப்புணர்வு'. முன்னது வீண்பொழுது, பின்னது அறிவு. இந்தப் பாகுபாடு வெறும் சொற்பழக்கமென்று விட்டுவிடத் தக்கதன்று. குழந்தை மெலிந்தால் குற்றத்தை யார் தலையில் சுமத்துவது என்ற வழக்கில், விசாரணைக்கு முன்பே எழுதிவைத்த தீர்ப்பு அது. 'தாயின் அறியாமையே காரணம்' என்பது அத்தீர்ப்பின் வாசகம். அதை மறுத்து வழக்காடவே இக்கட்டுரை.

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. கச்சேரியும் கடைத்தெருவும் பெரிய ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். பரந்த வயல்வெளிகள் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் தாயும் சேயும் 'பாதை' ஏறியே வாவியைக் கடந்தார்கள். இரு கரையிலும் மாதந்தோறும் குழந்தைகளை நிறை பார்க்கும் நாள் ஒன்று உண்டு. இடுப்பில் குழந்தை, கையில் அதன் வளர்ச்சிப் பதிவேடு, தோளில் ஒரு பை. தராசுக்கு முறை வரும்வரை மர நிழலில் காத்திருக்கிறார்கள். அப்பொழுது பேச்சுத் தொடங்குகிறது.

என்ன பேசுகிறார்கள்? ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலைப்பற்றிப் பேசுகிறார்கள். "எண்ட புள்ள சோத்தக் கண்டா முகத்தத் திருப்புது" என்று முறையிடுகிறாள் ஒருத்தி. "கஞ்சியத் தண்ணியாக்காத தங்கச்சி, கரண்டியில இருந்து வழியாத பதத்துல குடு, முள்ளு எடுத்த மீனப் பிசைஞ்சு சேர்" என்கிறாள் மூன்று பிள்ளை பெற்ற மற்றொருத்தி. வயிற்றோட்டம் பல் முளைப்பதால் வருகிறது என்று ஒருத்தி சொல்ல, பல்லின்மேல் பழிபோடாதே, தவழும் குழந்தை மண்ணிலிருந்து எடுத்து வாயில் வைப்பதைப் பார், தண்ணீரைக் கொதிக்கவை என்று இன்னொருத்தி திருத்துகிறாள். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் தவழ்ந்து போகாமல் வாசலுக்குக் குறுக்கே பலகை அடிக்கும் உபாயம் கைமாறுகிறது. அபூர்வமாக வந்த தகப்பன் ஒருவர், தமது குறையைச் சொல்கிறார். இரவெல்லாம் வாவியில் வலைபோட்டுவிட்டு விடியலில் மீன் விற்கப் போகிறவர் அவர். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பது அரிது. அந்நியரைக் கண்டு அஞ்சும் பருவம் வந்துவிட்ட குழந்தை, இப்பொழுது அவரைக் கண்டே அழுகிறதாம்.

இது ஊர்க்கதையா? கஞ்சியின் பதம்பற்றி அந்தப் பெண் சொன்னதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அவள் அதை மூன்று குழந்தைகளை வளர்த்துக் கற்றாள். மரத்தடியில் நடப்பது அவதானிப்பு, ஒப்பீடு, திருத்தம். இவற்றை வேறிடத்தில் கண்டால் நாம் விஞ்ஞானம் என்போம்.

மருத்துவ வரலாறே இதற்குச் சாட்சி. இன்று கானா என வழங்கும் நாட்டில் 1930களில் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கி, தோல் உரிந்து இறந்த குழந்தைகளின் நோயை ஆராய்ந்தார். 1935இல் அதற்கு அவர் உலகுக்கு அளித்த பெயர் 'குவாஷியோர்கோர்'. அது இலத்தீனில் பிறந்த பெயரன்று; அந்நாட்டுக் 'கா' மொழி பேசும் பெண்கள் வழங்கிய சொல். அடுத்த குழந்தை வரவே முலைப்பாலை இழந்த மூத்த குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. நோயின் காரணம் அப்பெயருக்குள்ளேயே இருந்தது. ஊர்க்கதையைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு வைத்தியரால் அது அறிவுலகுக்கு வந்து சேர்ந்தது. அதே வைத்தியர் 1939இல் சிங்கப்பூரில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில், தாய்ப்பாலின் இடத்தில் சீனி சேர்த்த டின்பாலை விளம்பரத்தால் புகுத்தும் வியாபாரத்தைக் கொலையென்றே கண்டித்தார். அத்தகைய விளம்பரங்களுக்கு எதிரான சர்வதேச ஒழுக்கக் கோவை 1981இல்தான் பிறந்தது. இடையில் கழிந்த 42 ஆண்டுகளில் அறியாமையை விலைக்கு விற்றவர்கள் தாய்மாரா?

நமது நாட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்துகிறார்கள். உலகில் பல செல்வ நாடுகளும் எட்டாத உயரம் இது. அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தருகிறது: ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்தவர்கள், 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள்.

ஆசிரிய நண்பர்களே, இவ்விரு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் வாங்கவேண்டாத உணவை, தன் உடலிலிருந்து கொடுக்கும்வரை அந்தத் தாய் முதல் வகுப்பில் தேறுகிறாள். மீனும் முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுக்கவேண்டிய ஏழாம் மாதம் பிறந்ததும் அவளே 'அறிவிலி' ஆகிவிடுகிறாள். ஆறு மாதம் அறிவுள்ளவளாயிருந்த பெண்ணின் மூளை ஒரே இரவில் மழுங்கிவிட்டதா? அன்றி, அறிவினால் மட்டும் வாங்கமுடியாத பொருள் ஏதோ அவள் வாழ்வில் இல்லையா?

இல்லாத பொருள்கள் இரண்டு: பணம் ஒன்று, நேரம் மற்றொன்று. ஓராண்டை நெருங்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நாளில் மூன்று நான்கு வேளை உணவு வேண்டும் என்பது ஆலோசனை. நல்ல ஆலோசனைதான். ஒவ்வொரு வேளையும் புதிதாகச் சமைத்து, மசித்து, முகத்தைத் திருப்பும் குழந்தையை வசப்படுத்தி ஊட்ட ஒரு மணிநேரமென்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றில் நான்கு மணிநேரம். வயலில் களை பிடுங்கக் கூலிக்குப் போகும் பெண், இறால் உரிக்கப் போகும் பெண், ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் பெண், இந்த நான்கு மணிநேரத்தை எந்தக் கடையில் கடன் வாங்குவாள்? வாவியில் பிடித்த நல்ல இறால் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூருக்குப் போகிறது. அதைப் பிடித்தவனின் குழந்தைக்குக் கிடைப்பது சோற்றுக் கஞ்சி. இதைத் துண்டுப்பிரசுரம் திருத்துமா?

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. 84 நாள் லீவு உண்டு. குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்து லீவைக் குறைக்கும் அநீதி 2018இல் நீங்கியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தொழிலாளிக்கு வேலைநேரத்தில் இருமுறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு. போராடிப் பெற்ற உரிமைகளை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் இவை யாவும் முதலாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்டக்கூடிய பெண்ணுக்கே பயன்படும். இன்று ஒரு வயலிலும் நாளை ஒரு வாடியிலும் கூலி பெறுபவள் யாரிடம் லீவு கேட்பாள்? தகப்பனின் நிலை என்ன? அரசாங்க ஊழியனுக்கு மூன்று நாள். தனியார் துறையில் உள்ளவனுக்கும் மீனவனுக்கும் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. குழந்தையைத் தந்தைக்கு அந்நியனாக்கிவிட்டுத் தந்தையின் பொறுப்பின்மையைப்பற்றி உபதேசிக்கிறோம்.

இனி, அறியாமை எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்போம். 2021இல் ஓர் ஆட்சி இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நெல்லோடு சோளமும் விழுந்தது. 1973 முதல் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் இலவசமாகக் கிடைத்துவந்த திரிபோஷா மாவின் முக்கிய மூலப்பொருள் சோளம். 2022இல், பூஞ்சண நச்சற்ற சோளம் போதியளவு கிடைக்கவில்லையென்று, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளுக்குரிய திரிபோஷா உற்பத்தி நின்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. பதிவேட்டில் நிறைக் கோடு கீழே சரிந்தபொழுது விளக்கம் கேட்கப்பட்டது தாயிடம். பசளையைத் தடுத்தவரிடம் யாரும் பதிவேடு கேட்கவில்லை.

இன்னுமொன்று. வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக விரும்பும் தாய்க்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அனுமதியில்லை என்று 2013இல் விதி செய்தார்கள். தாயன்பின் மகத்துவம் அப்பொழுது வானளாவப் பேசப்பட்டது. நாடு கடனில் முறிந்த 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. குழந்தையின் மனவளர்ச்சிபற்றி இடையில் புதிய உண்மை ஏதேனும் கண்டுபிடித்தார்களா? திறைசேரியில் டொலர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். தந்தை கட்டாருக்குப் போவதற்கு அன்றும் வயதெல்லை இல்லை, இன்றும் இல்லை. விதியை நாம் எதிர்ப்பது பெண்ணை வீட்டில் பூட்டவுமன்று, பாலைவனத்துக்கு அனுப்பவுமன்று. ஊரில் கூலியும் குழந்தைக்குக் காவலும் தராத அரசு, அவளுடைய தாய்மையைத் தேவைக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் அளக்கும் உரிமையை எங்கிருந்து பெற்றது?

இவ்விடத்தில் மரபின் காவலர்கள் குறுக்கிடுவார்கள். 'பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கும் சீமை நமது. தாய்வழிக் குடிமுறை தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வாழும் சீமை. அம்மம்மா இருக்கக் குழந்தைக்கு என்ன குறை?' என்பார்கள். அம்மம்மாவின் அருமையை நாம் அறிவோம். படுவான்கரையின் எத்தனையோ குழந்தைகள் அவள் மடியினால் பிழைத்தவர்கள். ஆனால் யுத்தம் மகனையும் மருமகனையும் கொண்டுபோன வீடுகளில் இன்று அந்த அம்மம்மாவே கூலிக்குப் போகிறாள். நுண்கடனுக்குக் கிழமைதோறும் தவணை கட்டுகிறாள். களைத்த ஒரு முதுகின்மேல் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு அதற்கு மரபென்று பெயரிடுவது மரபுக்கும் அவமானம்.

மரபு உண்மையில் சொல்வது வேறு. குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் நாம் கொழுக்கட்டை அவித்து, அதன் தலையில் சொரிந்து, அயலாரைக் கூட்டிப் பகிர்கிறோம். ஒரு குழந்தையின் பல் ஊரின் விஷயம் என்பதே அச்சடங்கின் பொருள். இன்றோ பல் முளைத்ததைக் கொண்டாட ஊர் இருக்கிறது. அந்தப் பல்லுக்கு உணவு தேடத் தாய் ஒருத்தி மட்டும் இருக்கிறாள்.

இன்னொரு சாரார், 'தாய்மாரிடம் மூடநம்பிக்கை இல்லையா?' என்று கேட்பார்கள். இருக்கிறது. அதைத் திருத்தவேண்டும். கிராமம் கிராமமாக நடந்து திருத்துகின்ற குடும்பநல மருத்துவமாதுகள் வணக்கத்துக்குரியவர்கள். வேலைப்பளுவால் நசுங்கும் அவர்களும் உழைக்கும் பெண்களே. ஆனால் அறிவுரை அரைக் கரண்டி சோறும் ஆகாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1931இல் ஏழைத் தாய்க்கும் வாக்குரிமை வந்தது. வாக்கைத் தொடர்ந்து வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் வந்தன. 1945இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தார்கள். இன்று அத்தொகை பத்துக்கும் கீழே. தாய்மார் திடீரென அறிவாளிகளானதால் மட்டும் வந்த வெற்றியா இது? சமுதாயம் தன் கடமையில் ஒரு பகுதியைச் செய்ததால் வந்தது. மிச்சப் பகுதியே இன்று நிலுவையில் நிற்கிறது.

நிலுவையை எண்ணிச் சொல்வோம். கூலிக்கு உழைக்கும் ஒவ்வொரு தாய்க்கும், முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தையின் முதலாண்டில் அரசு தரும் உதவிப்பணம். மலைநாட்டுத் தோட்டங்களில் குறைகளோடேனும் பிள்ளைமடுவம் இருக்கிறதே, அதைவிட நல்லதாக வயற்புறத்திலும் மீன்துறையிலும் ஒன்று. தகப்பனுக்குக் கைக்குழந்தையைத் தூக்கப் போதிய சம்பள லீவு. எந்த ஆட்சியின் பரிசோதனைக்கும் பலியாகாத, இடையறாத குழந்தையுணவு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஐந்து வயதில் வகுப்பறைக்கு வரும் குழந்தையை 'மந்தம்' என்று எழுதுமுன், அதன் பதினோராம் மாதத்தில் அது என்ன உண்டது, யார் மடியில் இருந்தது என்று கேட்கவேண்டியவர்கள் நீங்கள். நிறை பார்க்கும் நாளில் அந்த மரத்தடிக்குப் போங்கள். போதிக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். எழுவான்கரைத் தாய் சொல்வதையும் படுவான்கரைத் தாய் சொல்வதையும், காத்தான்குடித் தாய் சொல்வதையும் கொக்கட்டிச்சோலைத் தாய் சொல்வதையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். தன் வீட்டின் வெட்கமென்று ஒவ்வொருத்தியும் மறைத்து வைத்திருந்தது எல்லோருடைய கணக்காகவும் மாறுவதைக் காண்பீர்கள். அந்தக் கொப்பியைப் பிரதேச சபையின் மேசைமேலும் பாராளுமன்ற உறுப்பினரின் மேசைமேலும் வைத்துக் கேளுங்கள்: இங்கே யாருடைய அறியாமை?