வெளியே எடுத்தால் உள்ளே என்ன இருக்கும்?



போன வாரம் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் பேத்தியின் நோட்டில் 6எக்ஸ்² + 3எக்ஸ் = 3எக்ஸ்(2எக்ஸ்) என்று இருந்தது. "இன்னொண்ணு எங்கேடி?" என்றேன். "மூணு எக்ஸை வெளியே எடுத்துட்டேன் தாத்தா, அங்கே ஒண்ணும் இல்லை" என்றாள்.

தப்பு அவள் மேல் இல்லை. "வெளியே எடு" என்ற சொல்லின் மேல். முப்பது வருஷம் கடலூரில் நானும் அதையேதான் கத்தினேன். உங்களில் பலர் காதில் இன்னும் கேட்கும். இன்று அதை வாபஸ் வாங்குகிறேன். எதுவும் வெளியே போவதில்லை. ஒவ்வொரு உறுப்பையும் பொதுக் காரணியால் வகுக்கிறோம். 3எக்ஸை 3எக்ஸால் வகுத்தால் 1, பூஜ்யம் அல்ல. விடை 3எக்ஸ்(2எக்ஸ் + 1). திரும்பப் பெருக்கினால் பழைய கோவை வர வேண்டும். வராவிட்டால் தப்பு. இதைச் சொல்ல வாத்தியார் கூடத் தேவையில்லை.

பத்தாவதில் இதைவிட மோசம்: "அடிச்சிடு". எக்ஸ்² = 5எக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் எக்ஸை அடித்து, விடை 5 என்று முடிக்கிறார்கள். ஷார்ட்கட்டாம்! எக்ஸ் பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யத்தால் வகுக்கலாமா? எக்ஸ்(எக்ஸ் − 5) = 0 என்று எழுதினால் 0, 5 இரண்டும் கிடைக்கும். அடித்த பிள்ளைக்கு ஒரு விடை தொலைந்தது. தொலைந்ததே அதற்குத் தெரியாது.

"சென்டம் வந்தால் போதும் சார், புரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார்கள் சில பெற்றோர். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டுக்கு வாருங்கள். கிலோ 180 ரூபாய். ஒருவர் 7 கிலோ, இன்னொருவர் 13 கிலோ கேட்டால், மொத்த வரவுக்கு அந்த அம்மா இரண்டு பெருக்கல் போடுவதில்லை. 20 கிலோ, 3600 என்று முடிக்கிறார். பொதுக் காரணி என்பது அதுதான். பள்ளிக்கூடம் போகாதவருக்குத் தெளிவாக இருப்பதை, பள்ளிக்கூடத்தில் வைத்து நாம் குழப்பிவிட்டோம்.

இன்று வாத்தியாராக, அப்பா அம்மாவாக இருக்கும் என் பிள்ளைகளே, "வெளியே எடு", "அடிச்சிடு" இரண்டையும் விடுங்கள். "எதால் வகுத்தாய்? ஈவு என்ன?" என்று கேளுங்கள்.

வீட்டுப்பாடம்: 12எக்ஸ்³ − 18எக்ஸ்² + 6எக்ஸ். விடையைக் கீழே எழுதவும். கடைசி 1-ஐ மறந்தவர்கள், வயது எத்தனை ஆனாலும், பெஞ்சு மேல் ஏறி நிற்கவும்.