படத்தில் விழாத மேஸ்திரி

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பெங்களூர் நகருக்கு வெளியே ஒரு திடலில் பழைய கார்கள் வரிசையாக வந்து நின்றன. மோட்டார் பத்திரிகை ஒன்று அவற்றைப் படமெடுத்துச் சிறப்புப் பக்கம் வெளியிடப் போகிறதாம். மகாராஜாக்கள் ஏறிய ரோல்ஸ் ராய்ஸ் ரகமல்ல இவை. நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் தயாராகி, பிறகு காணாமற்போன விசித்திர வண்டிகள்.

1970-களில் இதே பெங்களூரில் உருவான மூன்று சக்கரக் கார் 'பாதல்' ஒரு பக்கம். பைபர் கிளாஸ் உடம்பு. பக்கத்தில் அதன் தம்பி 'டால்பின்', 1982-ல் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவிய இரண்டு கதவு வண்டி, 848 சி.சி. என்ஜின். அடுத்த ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்ததும் இத்தகைய சிறு தயாரிப்புகளுக்கு மூச்சு முட்டியது. இன்னொரு பக்கம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பானெட்டைத் தூக்கினால் இரு பக்க மட்கார்டும் சேர்ந்தே எழும். அதற்கும் அப்பால், அந்த நிறுவனமே 1972-ல் கொண்டுவந்த 'கெஸல்'.

சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இட்லியும் காபியும் கூடவே வந்தன. குழந்தைகள் மூன்று சக்கரக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துவிட வேண்டுமென்று போட்டோகிராபர் அவசரப்பட்டார். அந்த நேரம் பார்த்து டால்பின் கிளம்ப மறுத்தது.

ஓரமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதில் பிழைக்க வந்து, பெங்களூரிலேயே நரைத்துப்போன மெக்கானிக். கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வாயில் வைத்து ஊதி, துடைத்து மாட்டினார். பத்து நிமிடத்தில் வண்டி உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த நிமிடம் போட்டோகிராபரின் குரல்: "மேஸ்திரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க."

அவர் தள்ளி நின்றார். கூட வந்த பையனுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ண்ணே, நம்ம பேரைப் போட மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"வண்டி நின்னுபோனா நம்மைத் தேடுவாங்க தம்பி. ஓடினா யாரு தேடப் போறாங்க?" என்றார் பெரியவர். கோபமில்லை, பழகிப்போன குரல்.

சொந்தக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகவிருந்த வண்டிகளைக் காசு செலவழித்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அவற்றை ஊரறியச் செய்யும் பத்திரிகையும் நல்ல காரியமே செய்கிறது. ஆனால் காசு மட்டும் காரை ஓட்டிவிடுமா?

இந்த வண்டிகளைச் செய்த நிறுவனங்கள் கார் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஜே.சி. ரோடு முழுக்க ஏறி இறங்கினாலும் இவற்றுக்குப் புது ஸ்பேர் கிடைப்பது அரிது. தேய்ந்த புஷ்ஷை மாதிரியாக வைத்து லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். விரிந்துபோன பைபர் கிளாஸுக்குத் துணிபோலப் பாய் வைத்து, பசை ஊற்றி, தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். இந்த அளவெல்லாம் எந்தப் புத்தகத்திலும் தேடி எடுக்க முடியாது; மேஸ்திரிகளின் விரல் நுனியில் இருக்கிறது.

2021-ல் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அதன் ஆதி உருவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆதி உருவைக் கட்டிக் காப்பது யார்? எண்ணெய்க் கறை படிந்த கைகள்தானே?

ஆபீசில் ராத்திரி வரை உட்கார்ந்து பைல் தயாரிப்பவர் ஒருவர், கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்குபவர் ஒருவர் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே பெயர் போவதோடு தொழிலும் போகிறது. கார்பரேட்டர் வைத்த புதுக் கார்கள் வருவது நின்று பல காலமாயிற்று. தொழில் கற்க வரும் பையன்கள் கம்ப்யூட்டர் வைத்துக் கோளாறு பார்க்கும் ஒர்க்ஷாப்பைத் தேடுகிறார்கள். அதில் தப்பில்லை, வயிறு இருக்கிறது. பழைய தொழிலுக்கு மதிப்பும் இல்லை, பெயரும் இல்லை என்றால் அவர்கள் ஏன் வருவார்கள்?

செய்யவேண்டியது பெரிதல்ல. படத்தின் அடியில் சொந்தக்காரர் பெயரோடு, 'பழுது பார்த்துக் காப்பவர் இன்னார்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். பத்திரிகைக்கு அதனால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அந்த வரியைப் பார்த்து நாலு பேர் அவர் பட்டறையைத் தேடி வருவார்கள். சொந்தக்காரர்களும் ஒன்று செய்யலாம். எழுதத் தெரிந்த பையன் ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து மேஸ்திரியிடம் விடட்டும். புஷ் அளவு, ஜெட் அளவு எல்லாவற்றையும் அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.

அன்று மதியம் கார்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. டால்பின் முன்னே போக, மெக்கானிக்கும் பையனும் பழைய ஸ்கூட்டரில் அதன் பின்னாலேயே போனார்கள், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. அவர் போன பிறகு அந்த வண்டியின் பின்னால் யார் போவார்கள்? படம் பிடிப்பவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் இப்போதே யோசிக்க வேண்டாமா?