நம் வண்டியின் விவரம் அவன் கைக்கு எப்படிப் போயிற்று?

டெய்ரி ஃபார்மில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர் ஒருவரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் காருக்கு சர்வீஸ் நாள் வந்துவிட்டது; இன்றே பதிவு செய்தால் சலுகை" என்று ஆங்கிலத்தில் இருந்தது. வண்டி எண் சரி. மாடலும் சரி. கீழே ஓர் இணைப்பு. தொட்டார். டோக்கன் பணம் 99 ரூபாய் என்றது. கார்டு எண்ணைக் கேட்டது, ஓ.டி.பி.யைக் கேட்டது. கொடுத்தார். சீசன் முழுவதும் ஓட்டிச் சேர்த்த பணம் சில நிமிடத்தில் போயிற்று.

"ஓ.டி.பி.யை நீங்கள்தானே கொடுத்தீர்கள்?" என்றது வங்கி. "விவரம் தெரியாதவன், ஏமாந்தான்" என்றது தெரு. இந்த இரண்டு தீர்ப்பையும் நாம் ஏற்கவில்லை.

அவர் ஏன் நம்பினார்? தம் வண்டி எண் அதில் இருந்ததால் நம்பினார். தன் வண்டியை அறிந்தவன் தன் ஒர்க்‌ஷாப்காரனாகத்தான் இருப்பான் என்று நினைத்தார். உழைப்பவனுக்கு இயல்பான நினைப்பு அது. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த விவரம் வெளியே போனது எப்படி?

2019 ஜூலையில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தியைக் கேளுங்கள். வண்டிகளின் பதிவேடான 'வாகன்', ஓட்டுநர் உரிமங்களின் பதிவேடான 'சாரதி' ஆகியவற்றின் விவரங்களைப் பார்க்க 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வழிவிட்டதில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்ததாம்! நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? விவரங்களை மொத்தமாக விற்கும் கொள்கையை 2020-இல் அரசு திரும்பப் பெற்றது. போன விவரம் திரும்பி வந்ததா?

அந்தப் பதிவேட்டிலிருந்துதான் இந்தத் திருடனுக்கு எண் போயிற்று என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்று நம்மிடம் இல்லை. இன்சூரன்ஸ் போடும் இடம், கடன் கொடுத்த இடம், வண்டி கழுவிய இடம் என்று எங்கெல்லாம் வண்டி எண்ணும் கைப்பேசி எண்ணும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள்! நம் விவரம் சந்தைச் சரக்காகிவிட்டது. அதை விற்றவனுக்கு லாபம், வாங்கியவனுக்கு லாபம், நஷ்டம் மட்டும் நமக்கா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து இத்தீவுகளுக்கு வேகமான இணையம் தந்தார்கள். வரவேற்றோம். ஆனால் அதே வழியில் கப்பல் டிக்கெட் இல்லாமல் திருடனும் வந்துவிட்டான்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். செய்தி அனுப்பியவன் நம்மைப் பற்றி என்ன அறிந்திருக்கிறான் என்று பார்க்காதீர்கள். நம்மிடம் என்ன கேட்கிறான் என்று பாருங்கள். வண்டி எண் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். சர்வீஸ் நாளை நினைவூட்டுகிறவனுக்கு நம் ஓ.டி.பி. எதற்கு? யு.பி.ஐ. பின் எதற்கு? ஏ.பி.கே. கோப்பை இறக்கச் சொல்வது எதற்கு? பணம் திருப்பித் தருகிறேன் என்பவனுக்கும் பின் வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும்.

நிறுவனங்களின் குறுஞ்செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வரக்கூடாது. பதிவு செய்த எழுத்துப் பெயரில் வர வேண்டும். 2025 மே முதல் அந்தப் பெயரின் முடிவில் விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், அரசு என்றால் ஜி என்று ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு வாட்ஸ்அப்புக்கு இல்லை என்பதையும் மறவாதீர்கள். எழுத்து சரியாக இருந்தாலும் இணைப்பைத் தொட வேண்டாம். பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு நாமே ஃபோன் செய்வோம். இல்லையேல் ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போய்க் கேட்போம். நம் ஊர் அவ்வளவு பெரிதல்லவே!

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் அவர் தலையில் என்றது. ஆனால் அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் தலையில் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

ஆனால் நாம் விழிப்பாக இருந்தால் மட்டும் போதுமா? 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். புரியாத மொழியில் எச்சரிக்கை விட்டுவிட்டு, படிக்காதது உன் குற்றம் என்பது என்ன நியாயம்? எச்சரிக்கையைத் தமிழிலும் கொடு! புகாரைத் தமிழிலும் எழுதிக்கொள்! உண்மையான நிறுவனங்கள் தம் நினைவூட்டல்களில் இணைப்பு வைப்பதை நிறுத்தட்டும். அவர்களும் அப்படியே அனுப்பினால் திருடனை எப்படிப் பிரித்தறிவது? நம் விவரம் யாரிடம் போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை அதை வாங்கி வைத்தவனுக்கு இருக்கட்டும்!

ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிப்பது திருடனுக்குச் செய்யும் உதவி. நம் தெருவில் ஒருவர் ஏமாந்தால் பத்து வீட்டுக்கும் அன்றே சொல்லுவோம். கேட்க வேண்டியவர்களைக் கூடிக் கேட்போம்.