இரண்டு பால்

காலை நிகழ்ச்சிக்காக நான் நான்கு மணிக்கே எழுந்துவிடுவேன் என்று சொன்னால் நேயர்கள் பலர் ஆச்சரியப்படுவார்கள். என் பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பார். தைப்பிங்கை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவர் மூன்றரைக்கே எழுந்து, கறவையில் இருந்த மூன்று மாடுகளையும் கறந்து வைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவார். அந்த வீட்டில் நான்கு மணி என்பது தாமதம்.

எங்கள் லயத்தில் பால் என்றால் இரண்டு. ஒன்று மரத்தில் வடிவது. இன்னொன்று மடியில் சுரப்பது. மரப்பால் தோட்டத்துக்கு. மாட்டுப்பால் நமக்கு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை பற்றிய முதல் பாடம் இதுதான்.

தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய கதைகள் எல்லாம் டவுனில் உண்டு. டவுன்காரர்களுக்கு அது விளையாட்டு. மரம் வெட்டுகிறவர்களுக்கு அது சம்பளம். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் இருக்கும் பால் தண்ணீரோடு போய்விடும். அப்படிப்பட்ட நாளிலும் மாடு பால் கொடுத்தது. எங்கள் வீட்டில் மழை நாளில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் நாட்டில் பருவகாலம் ஏது, வெயிலும் மழையும்தானே என்பார்கள். மாடு வைத்திருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தை பிறந்தால் மாட்டுப் பொங்கல். கொம்புக்குச் சாயம் பூசுவது மாமாவின் வேலை. பாதிச் சாயம் அவர் சட்டையில் இருக்கும். அடுத்து தைப்பூசம். பால்குடம் எடுப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைப்பார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் வீட்டுக் காப்பிக்குப் பால் மிஞ்சாது.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். மரப்பால் குறையும், கையில் வரும் காசும் குறையும். அதே வெயிலில் புல்லும் காய்ந்துவிடும். தாத்தா மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரம் வரை போவார். தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் கடனுக்கு வாங்குவோம். அந்த இரண்டு மாதம் மாடும் நாங்களும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு கடந்து வந்தோம்.

ஏப்ரலிலும், திரும்பவும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். புல் நன்றாக வளரும், தொல்லையும் கூடவே வளரும். சேற்றில் நின்று நின்று குளம்பு புண்ணாகும். கொசுவுக்கும் ஈக்கும் கொட்டகையில் புகை போட வேண்டும். அந்தப் புகை வாசனையோடுதான் நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த தோழியும் மாட்டு வீட்டுப் பிள்ளை என்பதால் பிரச்சினை இல்லை.

இந்த மாதக் கணக்கில் அடங்காத பருவம் ஒன்று உண்டு, ஹஜ்ஜுப் பெருநாள். ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். குர்பானுக்குக் காளை தேடி வருவார்கள். மாடு வளர்க்கும் வீட்டின் பெரிய வரவு பாலில் இல்லை, அந்தக் காளையில்தான் இருக்கிறது. பசுவைக் கும்பிடும் வீட்டில் இதைச் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

பாட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. கிடாரிக் கன்றுக்குப் பெயர் வைக்கலாம், காளைக் கன்றுக்கு வைக்கக் கூடாது. "பேரு வெச்சிட்டா விக்க முடியாது ஆயி" என்பார். நான் ஒன்றுக்கு மட்டும் ரகசியமாகப் பெயர் வைத்தேன். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. 2008இல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெருநாள் டிசம்பரில்தான். ஆனாலும் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவர், எப்போதும் எங்களிடம் வாங்குபவர், ஜூன் மாதமே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். "பிள்ளை படிக்கட்டும், காளை இங்கேயே வளரட்டும்" என்றார்.

டிசம்பரில் லோரி வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தை அதற்கு ஊட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊடகத் துறையில் நான் வாங்கிய பட்டம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. உறவினர் சிலர், "சாமி கும்பிடுற வீட்டுல இது அடுக்குமா?" என்று கேட்டதுண்டு. பாட்டி அவர்களோடு வாதம் செய்ததில்லை. "நீங்க ஃபீஸ் கட்டுறீங்களா?" என்று மட்டும் கேட்பார். பதில் வராது.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனை. லயமும் இல்லை. குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டன. மாமா மட்டும் பதினான்கு மாடுகளோடு தோட்டத்து ஓரத்தில் கொட்டகை போட்டு இருக்கிறார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயிலும் உணவுக்கடையும் அடைத்தபோது, கறந்த பாலை அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்தார். 2021இல் தோல் கழலை நோய் நாட்டுக்குள் வந்தபோது இரவெல்லாம் கொட்டகையில் படுத்திருந்தார். அவற்றையெல்லாம் தாண்டியவருக்குப் போன மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. மாடுகளை அப்புறப்படுத்த வேண்டுமாம்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இளங்கன்றுச் செம்பனையை மாடு மேய்ந்துவிடும், மிதித்துவிடும். ஆனால் வளர்ந்த மரங்களுக்கு அடியில் முளைக்கும் புல்லையும் களையையும் மாடு தின்றால் மருந்தடிக்கும் செலவு மிச்சம். இரண்டையும் சேர்த்து நடத்த முடியும் என்பதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. தோட்டத்தில் குடும்பத்தோடு வசிக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் ஒதுக்க வேண்டும். நம் பழைய கணக்கில் ஒரு வீசம். கூலியைக் கிள்ளிக் கொடுத்தவனுக்கும் அந்தக் கூலியில் குடும்பம் நடக்காது என்று தெரிந்திருந்தது. இன்று வீடு மாற்றிக் கொடுக்கும்போது எத்தனை அறை என்று எண்ணுகிறார்கள். அந்த வீசம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. "பதினாலையும் மூணாவது மாடியில கட்டவா?" என்று மாமா கேட்கிறார். கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்மொழி அனுமதியை நம்பி நாற்பது வருடம் ஓட்டியதுதான் நாங்கள் செய்த தவறு. கால்நடைச் சேவைத் துறையில் பண்ணையைப் பதிவு செய்யுங்கள். அருகில் மாநில அரசு நிலம் சும்மா கிடந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்துக்கு மனுப் போடலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் கையில் ஒரு காகிதம் இருந்தால் பேச ஓர் இடம் இருக்கும்.

போன வாரம் கொட்டகைக்குப் போயிருந்தேன். பழைய ரேடியோ ஒன்று ஆணியில் தொங்குகிறது. "காலையில நீ பேச ஆரம்பிச்சாதான் மயிலை பாலை இறக்குதும்மா" என்றார் மாமா. புகழ்ந்தாரா, கேலி செய்தாரா, தெரியவில்லை. முந்திய நாள்தான் ஒரு கன்று பிறந்திருந்தது, காளை. மாமாவின் ஒன்பது வயது மகன் அதைத் தடவிக்கொண்டே என்னவோ முணுமுணுத்தான். பெயர் வைத்துவிட்டான் என்று புரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

வரும் வியாழக்கிழமை மாமாவோடு நானும் நில அலுவலகம் போகிறேன்.