கரையில் குடியேறிய யாளி

டிராகனுக்கு இணையான கற்பனை விலங்கு தமிழகத்தில் யாளி. சிங்க உடல் பொது. சிலவற்றுக்கு யானையின் தும்பிக்கை, சிலவற்றுக்கு மகரத்தின் வாய். சங்கப் பாடல்களில் யானையை அடித்து வீழ்த்தும் மலைவிலங்காக, ஆளி என்ற பெயரில் வருகிறது. பிற்காலத்தில் அதன் வாழ்வு பாட்டைவிடக் கல்லில்தான் செழித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் வரிசையில் ஓர் உறுப்பாக இருந்தது, விஜயநகரக் காலத்தில் தூணளவுக்கு ஓங்கிப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் அந்த ஆவேசத்தைப் பார்க்கலாம்.

இத்தனை பெரிய விலங்குக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கதை கிடையாது. மேலை நாட்டு டிராகன் கதையோடு பிறந்து, பெரும்பாலும் கதையின் முடிவில் வீரன் கையால் சாகும். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலில் (1937) வரும் ஸ்மாக் என்ற டிராகனும் அம்பு பட்டுத்தான் விழுகிறது. யாளியைக் கொன்ற வீரன் என்று யாரும் பெயர் பெறவில்லை. கதை இல்லாததே அதன் ஆயுளை நீட்டியது என்று கொள்ள இடமுண்டு. கதை மறந்தாலும் மறையாத உருவமாக, கைத்தொழிலிலிருந்து கைத்தொழிலுக்கு அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்படி அது வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பட்டுச்சேலையின் கரை. காஞ்சிபுரம், ஆரணி வட்டாரத்தில் அன்னம், மயில், இருதலைப்பட்சி ஆகியவற்றோடு யாளியும் கரை உருக்களில் ஒன்று. ஆரணியைச் சுற்றி சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் எனத் தறி ஓசை கேட்கும் ஊர்கள் பல. கர்நாடகப் பட்டும் சூரத்துச் சரிகையும் இங்கே சேலையாகின்றன.

தறி யாளியைத் தன் அளவுக்கு வெட்டித்தான் ஏற்றுக்கொண்டது. முற்காலத்தில் அடை என்ற நூல் அமைப்பைக் கட்டி, நூலை இழுத்து உரு எடுத்தார்கள். 1804இல் பிரான்சின் லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய முறை பின்னர் இங்கும் பரவியது. ஓட்டையிட்ட அட்டை ஒவ்வொன்றும் ஊடையின் ஒரு வரிக்கு எந்தப் பாவு இழைகள் மேலெழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். உருவின் உயரத்தை அட்டைகளின் எண்ணிக்கையும், அகலத்தை ஜக்கார்டு பெட்டியின் கொக்கிகளும் கட்டுப்படுத்தும். கட்டத்தாளில் வரையும்போது வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். தூணில் பிதுங்கிய கண்ணும் சுழித்த பிடரியும் இங்கே சில சரிகைப் புள்ளிகள்தான். யாளி பக்கவாட்டில் நடந்து, அச்சு மாறாமல் கரை முழுதும் திரும்பத் திரும்ப வருகிறது. சிற்பத்தின் மூர்க்கம் இதில் இல்லை. சேலைக்கு அது வேண்டியதும் இல்லை.

சீன டிராகனின் பாதையும் ஏறக்குறைய இதுவே. சிங் வம்சத்தில் ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு உரியது. 1912இல் முடியாட்சி ஒழிந்தது, டிராகன் ஒழியவில்லை. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சீன மணப்பெண்ணின் சிவப்புப் பட்டில் ஃபீனிக்ஸோடு இன்றும் அமர்ந்திருக்கிறது. யாளிக்கும் கல்யாணப் பட்டே புகலிடமானது.

இப்போது கட்டத்தாளின் இடத்தில் கணினி. மின்னணு ஜக்கார்டில் அட்டைக்கட்டே தேவையில்லை என்பதால், சிற்பத்தின் நுணுக்கத்தை ஓரளவு மீட்க வழி உண்டு. ஆனால் அதே வசதி எந்தப் பூவையும் பறவையையும் நொடியில் கரைக்குக் கொண்டுவருகிறது, போட்டி கூடிவிட்டது. பாரம்பரியக் கரை உருக்களைத் தேடி மீட்க 1936இல் நிறுவப்பட்ட கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியின் நெசவுக்கூடம் போன்ற முயற்சிகள் உதவின. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சேலை வகைகளை விசைத்தறியிடமிருந்து காக்கிறது. கரையில் எது நடமாடவேண்டும் என்று அது சொல்வதில்லை. அதை முடிவு செய்பவர்கள் முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தார்.